கடாரத்து அரியணையும் பினாங்குத் தீவும்

பினாங்கின் வரலாறு 1786ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 11ஆம் நாள் தொடங்கிற்று என்று எழுதுவது நெடுங்கால வழக்கமாகிவிட்டது. கப்பல் தலைவர் பிரான்சிஸ் லைட் கரையிறங்கினார், கொடி ஏற்றினார், இங்கிலாந்து இளவரசரின் பட்டப்பெயரைத் தீவுக்கும், மூன்றாம் ஜார்ஜ் மன்னரின் பெயரை நகருக்கும் சூட்டினார். பள்ளிப் பாடங்கள் பலவும் இச்செய்தியோடு அமைந்துவிடுகின்றன. ஆயின், அந்நாளில் இத்தீவு எவருடையது? அதனை அளித்தவர் யார்? எந்த நம்பிக்கையின்பேரில் அளித்தார்? அந்நம்பிக்கை நிறைவேறியதா? இவ்வினாக்களுக்கு விடை தேடுவோர் கடல் கடந்து இங்கிலாந்துக்குச் செல்ல வேண்டியதில்லை. வடக்கே கெடா மாநிலத்தை நோக்கினால் போதும். பட்டர்வொர்த்துக்கு வடக்கே, வானம் தெளிந்த நாளில், ஏறத்தாழ 1,200 மீட்டர் உயரமுள்ள ஜெராய் மலை தெரியும். அம்மலையடி நாட்டை ஆண்ட அரசமரபே பினாங்கின் பழைய உடைமையாளர். தமிழர் அந்நாட்டைக் கடாரம் என அழைத்தனர்.

தமிழ் ஏடுகளில் கடாரம்

கடாரம் தமிழருக்குப் புதிய பெயரன்று. சங்க நூல்களுள் ஒன்றாகிய பட்டினப்பாலை, காவிரிப்பூம்பட்டினத்துத் துறைமுகத்தில் குவிந்த பொருள்களைக் கூறுமிடத்துக் காழகத்துப் பொருளையும் குறிக்கின்றது. உரையாசிரியர் நச்சினார்க்கினியர் காழகம் என்பதற்குக் கடாரம் எனப் பொருள் எழுதினார். ஜெராய் மலையடியில் உள்ள பூஜாங் பள்ளத்தாக்கில் கண்டெடுக்கப்பட்ட கோயில் அடித்தளங்களும், சுங்கை பத்துவில் 2009ஆம் ஆண்டு முதல் அகழ்ந்து காணப்பட்ட இரும்புருக்குக் களங்களும் இந்நிலம் பண்டைக் கடல்வாணிகத்தில் பெற்றிருந்த இடத்தை மெய்ப்பிக்கின்றன. செபராங் பிறைப் பகுதியில் ஜேம்ஸ் லோ கண்டெடுத்த கல்வெட்டு, புத்தகுப்தன் என்னும் மாநாவிகனின் பெயரைத் தாங்கியது. அதன் எழுத்து ஐந்தாம் நூற்றாண்டைச் சார்ந்தது என அறிஞர் கணிப்பர்.

சோழர் காலத்தில் இவ்வுறவு நட்பாகவும் பகையாகவும் மாறி மாறி வந்தது. கடாரத்துக்கும் ஸ்ரீவிசயத்துக்கும் வேந்தனாயிருந்த சூளாமணிவர்மன் நாகப்பட்டினத்தில் ஒரு பௌத்த விகாரத்தை எழுப்பத் தொடங்கினான். அவன் மகன் மாறவிசயோத்துங்கவர்மன் அதனை முடித்தான். முதலாம் இராசராசன் அதற்கு ஆனைமங்கலம் என்னும் ஊரை வழங்கியதை லெய்டன் செப்பேடுகள் உரைக்கின்றன. தந்தை வளர்த்த நட்பை மகன் தொடரவில்லை. 1025ஆம் ஆண்டளவில் முதலாம் இராசேந்திரன் பெருங்கடற்படை விடுத்துக் கடாரத்தை வென்றான். அவ்வெற்றியால் 'கடாரங்கொண்டான்' என்னும் விருதுப்பெயரும் பெற்றான். இவ்வெற்றியைப் பெருமையோடு நினைவுகூரும் நாம், வெல்லப்பட்ட நாட்டின் கதையை அதன்பின் தொடர்ந்து படிப்பதில்லை. சோழர் ஆட்சி மறைந்தது. சோழர் மரபும் மறைந்தது. வெல்லப்பட்ட கடாரத்திலோ அரியணை இன்றும் இருக்கின்றது.

மரபுக்கதையும் மன்னர் வரிசையும்

கெடா அரசமரபின் தோற்றத்தைக் கூறும் மலாய் இலக்கியம் 'ஹிக்காயாட் மெரோங் மகாவங்சா' என்பது. கடலில் கருடப் பறவையால் அலைக்கழிக்கப்பட்டுக் கரையொதுங்கிய மெரோங் மகாவங்சா நாட்டை நிறுவியதாகவும், அவன் வழியில் வந்த ஒருவன் மனிதக் குருதியின் சுவைக்கு அடிமையாகிக் கோரைப்பல் முளைத்து 'ராஜா பெர்சியோங்' எனப் பெயர்பெற்றுக் குடிகளால் துரத்தப்பட்டதாகவும் அந்நூல் கூறும். கதை கற்பனையாயினும் அதனுள் ஓர் அரசியல் நெறி உண்டு. குடிகளின் குருதியைக் குடிக்கும் மன்னன் மன்னனாக நீடிக்க முடியாது என்பதே அது. கண்ணகி கதையில் அரசியல் பிழைத்தோர்க்கு அறம் கூற்றாவதைக் கற்ற தமிழ் மாணவருக்கு இந்நெறி அயலானதாகத் தோன்றாது.

பிற்காலத்தில் எழுந்த அரசவரலாற்று நூல், பிரா ஓங் மகாவங்சா என்னும் மன்னர் யெமன் நாட்டுச் சமயப் பெரியார் ஒருவரால் இஸ்லாத்தைத் தழுவி, 1136ஆம் ஆண்டு முதலாம் சுல்தான் முசாபர் ஷா எனப் பெயர் பூண்டார் என்று குறிக்கின்றது. இவ்வாண்டைப் பற்றி அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு; சமயமாற்றம் 15ஆம் நூற்றாண்டில் நிகழ்ந்தது என்பாரும் உளர். எவ்வாறாயினும், மலாய்த் தீபகற்பத்தின் மிகப் பழைய அரசமரபாகக் கெடா அரசமரபு மதிக்கப்படுகின்றது.

இம்மரபு நிலைத்தது படைவலிமையால் அன்று. கெடா நெல் விளையும் சமவெளி நாடு. செல்வம் உண்டு, பெரும்படை இல்லை. வடக்கே சயாம், அதற்கப்பால் பர்மா, மேற்கே அச்சே என வலியோர் சூழ்ந்திருந்தனர். 1619ஆம் ஆண்டு அச்சே சுல்தான் இஸ்கந்தர் மூடா கெடாவைத் தாக்கி அழித்தார். சயாம் மன்னருக்கோ மூன்றாண்டுக்கு ஒருமுறை 'பூங்கா மாஸ்' எனும் பொன்மலர் மரம் அனுப்பப்பட்டது. பொன்னாலும் வெள்ளியாலும் இயன்ற இச்சிறு மரங்களைக் கெடா மன்னர் நட்புக் காணிக்கை என்றனர். சயாமியரோ அடிமைக்குரிய திறை என்றனர். ஒரே பொருளுக்கு இருவேறு பொருள் கொள்ளப்பட்டவரை அமைதி நிலவியது. எது சரியான பொருள் என்று தீர்மானிக்க வேண்டிய நாள் வந்தபோது தீங்கு விளைந்தது.

தீவு கைம்மாறிய கதை

1735ஆம் ஆண்டு அலோர் ஸ்டார் நகரை நிறுவியவர் சுல்தான் முகம்மது ஜீவா. அவருக்குப்பின் 1778இல் அரியணை ஏறிய சுல்தான் அப்துல்லா முக்காராம் ஷா காலத்தில் வடக்கே நிலைமை மாறிற்று. 1767இல் பர்மியரால் அழிந்த சயாம், 1782இல் தோன்றிய சக்ரி மரபின் கீழ் மீண்டும் தலைதூக்கியது. 1785இல் பர்மியர் மறுபடியும் சயாமின்மீது படையெடுத்தனர். அப்படையெடுப்பை முறியடித்த சயாம், மறு ஆண்டு பட்டாணி நாட்டை நொறுக்கியது. அடுத்த அடி தம்மேல் விழும் என்று சுல்தான் அஞ்சியதில் வியப்பில்லை.

இந்நிலையில், கெடாவில் நெடுநாள் வாணிகம் செய்துவந்த லைட், கிழக்கிந்தியக் கும்பினியின் சார்பில் பினாங்குத் தீவைக் கேட்டார். சுல்தான் 1785ஆம் ஆண்டு தம் நிபந்தனைகளை எழுத்திலேயே வரைந்தனுப்பினார். தீவில் புதிய துறைமுகம் ஏற்பட்டால் கெடாவின் வாணிக வருவாய் குன்றும். அதற்கு ஈடாக ஆண்டுக்கு 30,000 ஸ்பானிய வெள்ளி தரவேண்டும். பகைவர் தாக்கினால் கும்பினி படையும் பொருளும் கொண்டு உதவவேண்டும். இவ்விரண்டனுள் இரண்டாவதே சுல்தானின் உயிர்நாடி.

கல்கத்தாவிலிருந்த கும்பினி ஆட்சியாளர் தீவை ஏற்றுக்கொண்டனர். படையுதவி பற்றி உறுதி கூறாது விட்டனர். இறுதி விடை வருமுன்னரே லைட் தீவில் இறங்கிவிட்டார். சுல்தானோ கேட்டது கிடைக்கும் என்று நம்பியிருந்தார். வள்ளுவப் பெருந்தகை வலியறிதல் என்னும் அதிகாரத்தில், தன்வலியையும் மாற்றான் வலியையும் எடைபோடுமாறு கூறியதோடு அமையாது, துணைவலியையும் தூக்கிப் பார்க்கச் சொன்னார். சுல்தான் தம் வலியை அறிந்திருந்தார். சயாமின் வலியையும் அறிந்திருந்தார். துணையாவார் எனக் கருதியவரின் மனத்தை அளப்பதற்குள் தீவு கைவிட்டுப் போயிற்று.

சில ஆண்டுகள் காத்திருந்த சுல்தான் பொறுமையிழந்தார். தீவை மீட்கும் நோக்குடன் பிறை ஆற்றுமுகத்தில் படகுகளையும் வீரரையும் திரட்டினார். 1791 ஏப்ரலில் லைட் முந்திக்கொண்டு தாக்கி அப்படையைச் சிதறடித்தார். அதே ஆண்டு எழுதப்பட்ட உடன்படிக்கை, ஆங்கிலேயர் பினாங்கில் இருக்குங்காலம்வரை சுல்தானுக்கு ஆண்டுதோறும் 6,000 ஸ்பானிய வெள்ளி தரப்படும் என்றது. கேட்ட தொகையில் ஐந்தில் ஒரு பங்கு! சயாமுக்கு எதிரான படையுதவியோ அதில் இடம்பெறவேயில்லை. 1800ஆம் ஆண்டு சுல்தான் தியாவுடின், எதிர்க்கரையிலிருந்த செபராங் பிறையையும் அளித்தார். ஆண்டுத்தொகை 10,000 ஆயிற்று. அந்நிலத்துக்குத் தலைமை ஆளுநர் வெல்லெஸ்லியின் பெயர் இடப்பட்டது.

புதிய துறைமுகம் செழித்தது. அதன் தொடக்ககால மக்களுள் தமிழ் முஸ்லிம் வணிகரும் படகோட்டிகளும் தொழிலாளரும் பலர். சூலியா என அந்நாளில் அழைக்கப்பட்ட இவர்களுட் பலர் கெடாத் துறைமுகத்திலிருந்தே இங்கு வந்தனர்; கெடா சுல்தான்களின் அரச வணிகராகவும் சூலியர் பணியாற்றியதுண்டு. ஆகவே பினாங்குத் தமிழரின் வரலாறும் கெடாவின் வாயிலாகவே இத்தீவினுள் நுழைகின்றது. சூலியா தெருவில் நடக்கும் மாணவன் இதனை அறிதல் வேண்டும்.

நாடிழந்த மன்னர்

அஞ்சியது நடந்தது. 1821 நவம்பர் 12ஆம் நாள் லிகோர் ஆளுநரின் படகுப்படை கெடாவில் இறங்கிற்று. சுல்தான் அகமது தாஜுடின் ஹலிம் ஷா நாடிழந்து பினாங்கை அடைந்தார். தம் முன்னோர் அளித்த தீவில் அவர் ஏதிலியாகப் புகலடைந்த காட்சி, பினாங்கு வரலாற்றில் மிகவும் வருந்தத்தக்கது. அவரைப் பின்தொடர்ந்து ஆயிரக்கணக்கான கெடா மக்கள் செபராங் பிறையில் குடியேறினர். அங்குள்ள மலாய்க் கம்பங்கள் பல இவ்வாறு பெருகியவையே.

பினாங்கு ஆட்சியாளர் அவரைச் சயாமியரிடம் ஒப்படைக்கவில்லை. அவருக்காகப் போரிடவும் இல்லை. கும்பினியின் பினாங்கு அலுவலருள் ஒருவராகிய ஜான் ஆண்டர்சன், கெடாவுக்குக் கும்பினி கடமைப்பட்டிருக்கின்றது என்று வாதிட்டு 1824இல் ஒரு நூலே எழுதினார். பயன் விளையவில்லை. 1826ஆம் ஆண்டு பாங்காக்கில் ஹென்றி பர்னி செய்துகொண்ட உடன்படிக்கை, கெடா சயாமின் வசமிருப்பதை ஏற்றது. அதற்கும் மேலாக, நாடிழந்த சுல்தான் பினாங்கிலோ பிறையிலோ பேராக்கிலோ வாழ விடப்படார் என்றும் அதில் எழுதப்பட்டது. பின்னர் அவர் மலாக்காவுக்கு அனுப்பப்பட்டார். விருந்தினரை வெளியேற்றிய வீடு, அவ்விருந்தினரின் முன்னோர் கொடுத்த வீடு என்பதை எண்ணுக.

மக்கள் வாளாவிருக்கவில்லை. 1831இல் துங்கு கூடின் தலைமையில் கிளர்ந்தெழுந்து போரிட்டனர். துங்கு கூடின் களத்தில் வீழ்ந்தார். 1838இல் துங்கு முகம்மது சாஆட் அலோர் ஸ்டாரையே மீட்டார். அப்போது ஆங்கிலக் கப்பல்கள் கெடாவின் கடற்கரையை முற்றுகையிட்டுச் சயாமுக்கே துணைநின்றன. எனினும் இக்கிளர்ச்சிகள் வீண்போகவில்லை. சுல்தானின்றிக் கெடாவை ஆளுதல் அரிது என்று சயாம் உணர்ந்தது. துங்கு அனூம் முதலியோர் பாங்காக் சென்று சமாதானம் பேசினர். 1842இல் சுல்தான் திரும்பினார். திரும்பிய நாடு பழைய நாடாக இல்லை. பெர்லிஸ், செத்தூல், குபாங் பாசு ஆகியவை தனித்தனியே பிரிக்கப்பட்டிருந்தன.

வாளுக்குப் பதில் ஏடு

இதற்குப்பின் கெடா அரசமரபு வேறொரு வழியைக் கற்றது. நாட்டை உள்ளிருந்து வலுப்படுத்தும் வழி அது. 1881இல் பட்டமேறிய சுல்தான் அப்துல் ஹமீது ஹலிம் ஷா காலத்தில், முதலமைச்சர் வான் முகம்மது சமான் 1885இல் தொடங்கி அலோர் ஸ்டாரிலிருந்து குரூண் நோக்கி நெடுங்கால்வாய் ஒன்றை வெட்டுவித்தார். சதுப்பு நிலம் நெல்வயலாயிற்று. அக்கால்வாய் இன்றும் அவர் பெயரால் வழங்குகின்றது. கெடாவின் அரிசி பினாங்குச் சந்தைக்கு வந்தது. பினாங்கின் பணம் கெடா வயல்களுக்குச் சென்றது. கொடிகள் வேறானாலும் இரு நிலங்களும் ஒரே வயிறாகவே வாழ்ந்தன.

குறைகளும் இல்லாமலில்லை. 1904இல் அரச குடும்பத்து ஐந்து திருமணங்கள் பெருஞ்செலவில் நடத்தப்பெற்றன. கருவூலம் வறண்டது. சயாமிடம் கடன் வாங்க நேர்ந்தது. கடனோடு ஆலோசகரும் வந்தார். 1905இல் மாநில மன்றம் ஏற்பட்டது. வெளிப்பகையை நூறாண்டு தாங்கிய அரியணையை ஆடம்பரம் ஓராண்டில் அசைத்துவிட்டது. ஆயினும் அம்மாநில மன்றமே பின்னாளில் ஆட்சியை ஒழுங்குபடுத்தும் கருவியாகவும் அமைந்தது.

1909ஆம் ஆண்டு சயாம், கெடா, பெர்லிஸ், கிளந்தான், திரங்கானு ஆகியவற்றின் மீதிருந்த உரிமைகளை ஆங்கிலேயருக்கு மாற்றிக் கொடுத்தது. கெடாவைக் கேட்டு எவரும் இதனைச் செய்யவில்லை. எருமையை விற்பதுபோல் நாட்டை விற்றுவிட்டனர் எனச் சுல்தான் மனம் வருந்தியதாகக் கூறுவர். எனினும் அவருடைய அரசு ஆங்கிலேயரின் ஆணைக்கு உடனே பணிந்துவிடவில்லை. பதினான்கு ஆண்டுகள் கடந்து, 1923இல்தான் புதிய உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. மாநில மன்றத்தில் அமர்ந்த சுல்தானின் எழுத்து வழியான இசைவின்றிக் கெடாவை வேறெந்த நாட்டோடும் இணைக்கவோ, பிறருக்கு மாற்றவோ கூடாது என்று அதில் விதி சேர்க்கப்பட்டது. மலாய் மொழி ஆட்சிமொழியாகத் தொடரவும் வழி செய்யப்பட்டது. 1786இல் எழுதப்படாது போன சொல்லால் நாட்டை இழந்த மரபு, 1923இல் ஒவ்வொரு சொல்லையும் நிறுத்துப் பார்த்தே ஒப்பமிட்டது. இது வரலாறு கற்பித்த பாடம்.

தூரத்து உவமை

உலகின் வேறொரு மூலையிலும் இக்கதைக்கு ஒப்புமை காணலாம். தென்னாப்பிரிக்க மலைநாடாகிய லெசோத்தோவில் பசோத்தோ மக்களின் அரசை நிறுவிய முதலாம் மொஷ்வேஷ்வே, பினாங்கு கைம்மாறிய அதே 1786ஆம் ஆண்டளவில் பிறந்தவர். 1824 முதல் தாபா போசியூ என்னும் மலையரணில் இருந்து, சிதறுண்ட குலங்களை ஒன்றுசேர்த்தார். போயர் எனும் வெள்ளைக் குடியேறிகள் அவருடைய வளநிலங்களைப் பறித்தபோது அவரும் ஆங்கிலேயரின் பாதுகாப்பையே நாடினார். 1868இல் அது கிட்டியது. 1870இல் அவர் மறைந்தார். மறு ஆண்டே அவர் நாடு கேப் குடியேற்றத்தோடு இணைக்கப்பட்டது. படைக்கலங்களை ஒப்படைக்குமாறு ஆணை வந்ததும் 1880இல் மக்கள் போருக்கெழுந்தனர். 1884இல் கேப்பின் ஆட்சி நீங்கிற்று. கெடா கைமாற்றப்பட்ட அதே 1909இல் தென்னாப்பிரிக்க ஒன்றியத்துக்கான சட்டம் இயற்றப்பட்டது. தம் நாட்டை அதில் சேர்க்க வேண்டாம் எனப் பசோத்தோ மக்கள் தொடர்ந்து மறுத்தனர். 1966இல் அவர்கள் தனிநாடாயினர். இரண்டாம் மொஷ்வேஷ்வே மன்னரானார். இன்று அவர் மகன் மூன்றாம் லெட்சி அரியணையில் உள்ளார்.

கெடாவும் லெசோத்தோவும் வலியோரிடையே அகப்பட்ட சிறு நாடுகள். இரண்டும் ஒரே வல்லரசின் துணையை நாடின. இரண்டும் ஏமாற்றத்தைக் கண்டன. இரண்டிலும் அரியணை மீண்டதற்குக் காரணம், மன்னர் இல்லாத நாளிலும் மன்னரை மறவாத குடிகளே.

ஓட மறுத்த நாள்

1941 டிசம்பரில் ஜப்பானியப் படை கெடாவினுள் நுழைந்தபோது, முதுமையுற்றிருந்த சுல்தான் அப்துல் ஹமீதைப் பினாங்குக்குக் கொண்டுசெல்ல ஏற்பாடாயிற்று. அவருடைய மகனும் மாவட்ட அதிகாரியுமாகிய துங்கு அப்துல் ரஹ்மான், மன்னர் குடிகளை விட்டுப் பிரியலாகாது எனக் கருதி, வழியிலேயே ஊர்தியைத் திருப்பிக் கூலிம் பகுதிக்குக் கொண்டுபோனார். 1821இல் பினாங்குக்கு ஓடிய மன்னரின் துயரை அறிந்த மரபில் வந்தவருக்கு இத்துணிவு தோன்றியது பொருத்தமே. 1943இல் அச்சுல்தான் தம் மண்ணிலேயே காலமானார். அதே ஆண்டு ஜப்பானியர் கெடாவை மறுபடியும் சயாமிடம் ஒப்படைத்தனர். போர் முடியும்வரை அந்நிலை நீடித்தது.

பினாங்கு பிரீ ஸ்கூலில் ஒருகாலத்தில் பயின்ற அந்தத் துங்குவே 1957இல் மலாயாவின் முதற் பிரதமரானார். விடுதலை பெற்ற நாட்டில் கெடாவும் பினாங்கும் ஒரே கூட்டரசின் உறுப்புகளாயின. 1958இல் பட்டமேறிய சுல்தான் அப்துல் ஹலிம் முவாட்சாம் ஷா, 1970 முதல் 1975 வரையும், 2011 முதல் 2016 வரையும் மாமன்னராக வீற்றிருந்தார். இருமுறை அப்பதவி வகித்தவர் அவர் ஒருவரே. 2017இல் அவர் மறைந்தபின் அவர் இளவல் சுல்தான் சலேஹுடின் பட்டமேறினார்.

பினாங்கு மாநிலத்துக்குச் சுல்தான் இல்லை, ஆளுநரே உண்டு. ஏன் என்று மாணவன் ஆசிரியரைக் கேட்டால், 1786இலிருந்தே விடை தொடங்கவேண்டும். பினாங்கின் பொருட்டுக் கெடாவுக்கு ஆண்டுத்தொகை வழங்கும் வழக்கமும் கூட்டரசின் காலத்தில் தொடர்கின்றது. தொகையின் அளவுதான் மாறியது.

ஆசிரியர் கடன்

ஓர் ஊரின் வரலாற்றை அதன் கட்டடங்களிலிருந்து மட்டும் கற்பிப்பது எளிது. கோட்டையையும் மணிக்கூண்டையும் காட்டிவிடலாம். அவை எழுமுன் அந்நிலத்தை உடையவராயிருந்தவர் பட்ட பாட்டைக் கற்பிப்பதே அரிது, தேவையும் அதுவே. 2013ஆம் ஆண்டு பூஜாங் பள்ளத்தாக்கில் பதினோராம் எண் கொண்ட பழங்கோயிலின் எச்சம், நிலமேம்பாட்டுப் பணியில் இடிக்கப்பட்டது. அதன் மதிப்பை அறிந்த கண்கள் அருகே இருந்திருப்பின் அது பிழைத்திருக்கும். அத்தகைய கண்களை உருவாக்குமிடம் வகுப்பறை.

கடாரங்கொண்ட சோழனைப் பாடமாகக் கற்பிக்கும் தமிழாசிரியர், அடுத்த வகுப்பில் கடாரத்தின் பிற்கால மன்னரையும் கற்பிப்பாராக. தமிழ் மாணவன் கெடாவை வென்ற நாடாக மட்டும் எண்ணாது, தன் முன்னோருக்கு வாணிகமும் வாழ்வும் அளித்த நாடாகவும், பினாங்கு என்னும் தன் ஊரைக் கொடுத்து வருந்திய நாடாகவும் அறியவேண்டும். அப்பொழுதே இம்மண்ணின் வரலாறு அவனுக்கு முழுமையாகும்.